ஒன்றரை அடிக் கல்

உங்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறதோ, நம் வயதுக்காரர்கள் ஆறாம் வகுப்பு படித்த காலத்தில் அதற்கு மீப்பெரு பொது வகுத்தி என்று பெயர். இப்போதைய பிள்ளைகள் பொதுக் காரணி என்கிறார்கள். பெயர் மாறினாலும் வேலை ஒன்றுதான். இரண்டு எண்களை எடுத்துக்கொண்டு, இரண்டையும் மிச்சமில்லாமல் வகுக்கிற எண்களில் பெரியது எது என்று தேடுவது. எனக்கு அது கணக்காக நினைவில் இல்லை. குளிராக இருக்கிறது. உள்ளங்காலில் தொடங்கி முழங்கால்வரை ஏறுகிற ஓசூர்க் குளிராக.

அப்போது எங்கள் வீடு தொழிற்பேட்டைக்குப் பின்னால், யூகலிப்டஸ் தோப்பை வெட்டிப் போட்டிருந்த மனைகளில் ஒன்றில் இருந்தது. இன்று அங்கே போனால் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. ரோட்டை அகலப்படுத்தியபோது எங்கள் அறையும் ரோடாகிவிட்டது. லாரிகள் பெங்களூருக்குப் போகின்றன. ஆமாம், ஒரே அறைதான். ஹாலோ பிளாக் சுவர், மேலே ஷீட். சுவரும் கூரையும் எழும்பியதோடு அப்பாவின் கை ஓய்ந்துவிட்டது. தரை போடவில்லை. சரளையைக் கொட்டிக் கட்டையால் இடித்து விட்டிருந்தார். நடந்தால் குத்தும். பெருக்கப் பெருக்க மண் வரும். அந்த வீட்டைப் பெருக்கி முடித்தேன் என்று அம்மா சொல்லி நான் கேட்டதில்லை.

அப்பா கிரானைட் ஃபாக்டரியில் பாலிஷ் மிஷினில் நின்றார். அம்மாவை இரண்டாவது பிரசவத்துக்கு அழைத்துப் போக ராயக்கோட்டையிலிருந்து மாமா டெம்போவோடு வந்தார். அம்மாவின் அண்ணன். தக்காளி மண்டிக்காரர். எதையும் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார், தக்காளியானாலும் ஆளானாலும். செருப்பு முனையால் தரையைச் சீண்டினார். ஒரு சரளைக்கல் உருண்டு கட்டிலுக்கடியில் போய் நின்றது.

“மாப்ள, இதுல எப்படிப் பச்சப்புள்ளய உடுவீங்க? பொறுக்கிப் பொறுக்கி வாயில போட்டுக்குமே.”

“போட்டுருவேன் மச்சான்.”

“ஊரு ஒலகத்துக்கெல்லாம் தரைக்குக் கல்லு இழைச்சு அனுப்புறீங்க. உங்க ஊட்டப் பாருங்க.” மாமா சிரித்தார். “தரையப் போட்டுட்டுச் சொல்லுங்க, அப்புறம் தங்கச்சிய அனுப்பறேன். புள்ள தவழறதுக்குள்ள போட்டீங்கன்னா சரி.”

அப்பா காதோரத்தில் காய்ந்திருந்த கல்மாவைச் சுரண்டினார். அவருக்கு ரோஷம் வந்தால் காதைத்தான் சுரண்டுவார் என்பது எனக்கும் அம்மாவுக்கும் தெரியும்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இதை நினைவில் வையுங்கள். அன்று அவள் சொன்னதெல்லாம் என்னிடம்தான். வாசலில் உட்காரவைத்து என் தலையை வாரி, இரட்டைப் பின்னல் போட்டு, ரிப்பனைக் கண் மேலே இழுக்கிற அளவுக்கு இறுக்கி முடிந்தாள். வலித்தது. “இறுக்கமாப் போட்டுருக்கேன், ரெண்டு நாளைக்குத் தாங்கும்,” என்றாள். பிறகு டெம்போவில் ஏறினாள். பள்ளிக்கூடம் இருந்ததால் நான் அப்பாவோடு நின்றுகொண்டேன். பின்னல் மூன்றாம் நாள் அவிழ்ந்தது.

*

தனிமை என்றால் நாம் பெரிய பெரிய விஷயங்களைச் சொல்கிறோம். எனக்கு அது கழுத்தில் கயிற்றில் தொங்கிய சாவி. காலையில் சட்டைக்குள் விழும்போது ஐஸாக இருக்கும். மாலையில் பள்ளியிலிருந்து வந்து அதே சாவியைக் கழற்றும்போது என் சூட்டிலேயே இருக்கும். அன்றைக்கு அந்த வீட்டில் என்னைத் தவிரச் சூடாக இருந்த பொருள் அது ஒன்றுதான்.

அப்பாவுக்கு ஷிஃப்ட் மாறி மாறி வரும். அவர் வருகிற நேரத்தில் நான் போயிருப்பேன். நான் வருகிற நேரத்தில் அவர் போயிருப்பார். குண்டானில் சோறும், மேலே கவிழ்த்த தட்டும், தட்டின் மேல் அவருடைய விரல் அடையாளமும் இருக்கும். வெள்ளையாக, மாவுபோல. கல்லை அறுக்கிற தண்ணீரில் கரைந்து வருகிற அந்தப் பாலைப்போன்ற சேறு அப்பாவின் புருவத்தில், நகத்தில், லுங்கி மடிப்பில் எல்லாம் காய்ந்து கிடக்கும். ஈரக்கல்லுக்கு ஒரு வாசனை உண்டு. முதல் மழையின் வாசனை இல்லை அது. மழை வந்து போய், யாரும் வராத இடத்தின் வாசனை.

பக்கத்து மனையில் ஒரு கன்னடத்து அம்மா இருந்தார். மாலையில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பார்.

“ஊட்டா ஆய்த்தா?”

சாப்பிட்டாயா என்பதுதான். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது கூடவா தெரியாது.

“ஆய்த்து,” என்பேன். சாப்பிட்டிருக்க மாட்டேன். ஆகவில்லை என்றால் ஏன் என்று அடுத்த கேள்வி வரும். அதற்குச் சொல்லுமளவுக்கு என்னிடம் கன்னடமும் இல்லை, தமிழும் இல்லை.

*

கார்த்திகையில் ஒரு போஸ்ட் கார்டு வந்தது, தம்பி பிறந்திருக்கிறான் என்று. அதே வாரம்தான் கணக்கு டீச்சர் அந்தப் பாடத்தைத் தொடங்கினார். கெலவரப்பள்ளி அணைப் பக்கத்திலிருந்து வருகிற பனி வகுப்புக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கும். டீச்சர் ஸ்வெட்டருக்கு மேல் புடவையைச் சுற்றிக்கொண்டு, வாயிலிருந்து புகை வர வரப் பாடம் எடுப்பார்.

“ரெண்டு எண்ணோட வகுத்திங்களையும் வரிசையா எழுதணும். ரெண்டு வரிசையிலயும் இருக்குறத வட்டம் போடணும். வட்டம் போட்டதுல பெருசுக்குக் கீழ கோடு. அவ்வளவுதான். ஒண்ண எழுத மறந்துடாதீங்க. எல்லா வரிசையிலயும் ஒண்ணு இருக்கும்.”

“அதுக்குக் கோடு போடவே மாட்டோமா டீச்சர்?” என்று கேட்டேன்.

“வேற எதுவும் கெடைக்கலன்னாதான் போடுவோம். எங்க போனாலும் இருக்கற எண்ண யாரு தேடுறா?”

“மத்த வட்டமெல்லாம்?”

“கேள்வியில என்ன கேட்டுருக்கு? பெருசு எதுன்னுதானே. அத மட்டும் சொல்லு. உன் தலையில என்னடி, காக்கா கூடு கட்டப் போகுதா?”

வகுப்பு சிரித்தது. நான் பின்னல் போடக் கற்றுக்கொண்டிருந்த காலம். ஒரு பக்கம் சரியாக வரும், மறு பக்கம் கை எட்டாது.

புத்தகத்தில் ஒரு கணக்கு இருந்தது. ஓர் அறைக்கு இவ்வளவு நீளம், இவ்வளவு அகலம். கல்லை வெட்டாமல் பதிப்பதானால் மிகப் பெரிய சதுரக் கல்லின் பக்கம் எவ்வளவு. அன்று அப்பா வீட்டில் இருந்தார். அவருக்கு வாசித்துக் காட்டினேன். படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

“திருப்பிப் படி கண்ணு.”

திருப்பிப் படித்தேன்.

“இதெல்லாம் புக்லயே போட்டுருக்கானா,” என்றார். உத்தரத்தில் தொங்கிய பையிலிருந்து மஞ்சள் டேப்பை எடுத்தார். ஃபாக்டரியில் ஸ்பிரிங் போய்க் கழித்துவிட்ட டேப். இழுத்தால் வரும், உள்ளே போகாது. கையால்தான் சுருட்ட வேண்டும். அதன் ஒரு முனையைப் பின்சுவரின் மூலையில் நான் அழுத்திப் பிடித்தேன். மறு முனை அப்பாவின் கையில், வாசல் பக்கம். நடுவில் அந்த மஞ்சள் நாடா நடுங்கிக்கொண்டிருந்தது. அம்மா போன பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றது அதுதான் முதல் தடவை. சீக்கிரம் அளந்துவிடாதே அப்பா என்று இருந்தது எனக்கு.

நீளம் பன்னிரண்டடி, நூற்று நாற்பத்து நான்கு அங்குலம். அகலம் ஏழரையடி, தொண்ணூறு அங்குலம். குப்புறப் படுத்துக்கொண்டு எழுதினேன். இரண்டு வரிசை. வட்டம்.

“ஒண்ணு, ரெண்டு, மூணு, ஆறு, ஒம்பது, பதினெட்டு,” என்றேன். “எதுல போட்டாலும் மிச்சம் வராதுப்பா. ஒம்பதுலயும் வரும், ஆறுலயும் வரும்.”

“பெருசு எது?”

“பதினெட்டு.”

“ஒன்றரை அடி.” அப்பா இரண்டு கைகளையும் அகட்டி, காற்றில் அந்தக் கல்லைப் பிடித்துப் பார்த்தார். அதை மனதுக்குள்ளேயே பாலிஷ் போட்டுவிட்டார் என்று இப்போது தெரிகிறது. “நாப்பது கல்லு. ஒண்ணுகூட வெட்டத் தேவயில்ல. உங்க மாமன் ஊர்ல எவன் ஊட்லயாவது ஒன்றரை அடிக் கல்லு உண்டா, கேளு.”

அவர் வேலை பார்த்த இடத்தின் நியாயம் அது. பாறையிலிருந்து அறுத்து வருகிற பெரிய பலகைக்கல் ஒரு கீறல் இல்லாமல் முழுசாக வெளியே வந்தால் அது கப்பலேறும். மூலை உடைந்தால் வேஸ்ட். பெரிதாக இருப்பதற்கும் முழுசாக இருப்பதற்கும்தான் அங்கே மரியாதை. இரண்டு கல் சேருகிற கோட்டை அப்பா ஜாயின்ட் என்பார், வியாதியின் பெயரைச் சொல்வதுபோல. தன் பெண்டாட்டியும் பிள்ளையும் திரும்பி வருகிற தரையில் அந்தக் கோடு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு தன் மதிப்பு கூடும் என்று அவர் நினைத்ததில் ஆச்சரியமில்லை.

*

டீச்சர் அடுத்த வாரம் இன்னொரு வழி சொல்லிக் கொடுத்தார். பெரிய எண்ணைச் சின்ன எண்ணால் வகு. மிச்சத்தால் சின்ன எண்ணை வகு. வந்த மிச்சத்தால் முந்தைய மிச்சத்தை வகு. மிச்சம் இல்லாமல் போகும்வரை போய்க்கொண்டே இரு. கடைசியாக வகுத்தது எதுவோ அதுதான் விடை.

அதை நான் நோட்டில் போடவில்லை. தரையில் போட்டேன். அப்பா செகண்ட் ஷிஃப்ட் போன ஒரு மாலை, அடுப்புக் கரியும் மஞ்சள் டேப்பும் வைத்துக்கொண்டு, சரளை மேல் கோடு இழுத்தேன். அறையின் அகலம் முழுவதும் அடைத்துக்கொண்டு பின்சுவரை ஒட்டி ஒரு பெரிய சதுரம், பக்கத்துக்குத் தொண்ணூறு. அது அப்பாவுக்கு. மீதி இடத்தில் எவ்வளவு பெரிய சதுரம் வருமோ அது அம்மாவுக்கு, ஐம்பத்து நான்கு. அதிலும் மீந்த இடத்தில் எனக்கு, முப்பத்தாறு. அதற்கும் பிறகு வாசல் மூலையில் ஒரு நீளத்துண்டு மிஞ்சியது. அதை இரண்டாகப் பிரித்தால் பதினெட்டு, பதினெட்டு. இரண்டு குட்டிச் சதுரங்கள், ஒரே அளவு. அதோடு தரை தீர்ந்துவிட்டது.

ஒரு குட்டிச் சதுரம் அம்மாவின் கட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அது தம்பிக்கு. இன்னொன்று கதவு மூலையில் இருந்தது. அதற்கு ஆளில்லை. யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தேன்.

அப்பாவின் கட்டத்தில் அவர் தட்டை வைத்தேன். அம்மாவின் கட்டத்தில் அவள் விட்டுப்போன பழைய சேலையை மடித்து வைத்தேன். என் கட்டத்தில் நான் உட்கார்ந்து பாடம் படித்தேன். கால் நீட்டினால் கோட்டுக்கு வெளியே போகும், மடக்கிக்கொள்வேன். யாரும் பார்க்காத இடத்தில் ஒரு பிள்ளை எவ்வளவு ஒழுங்காக இருக்கும் என்று பெரியவர்களுக்குத் தெரியவே தெரியாது.

*

ஃபாக்டரியில் உடைந்த கல்லை வேலையாட்கள் எடுத்துக்கொள்ளலாம். சாப்பாட்டு நேரத்தில் அறுத்துத் தர ஆளும் இருந்தார். கட்டிங் மிஷின் பாய், அப்பாவின் சிநேகிதர், கிருஷ்ணகிரிக்காரர். ஒரு ஞாயிறு வீட்டுக்கு வந்தவர் அப்பா பதித்திருந்த முதல் கற்களைக் குனிந்து பார்த்துவிட்டு எழுந்தார்.

“ஏம்பா, ஊடு கட்டுறியா, அரமன கட்டுறியா?”

“நல்லா இருக்குதா இல்லையா பாய், அதச் சொல்லுங்க.”

“நல்லாத்தான் இருக்குது. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி முழுசா எந்த வேஸ்ட்ல வரும்? வந்தா அதை எதுக்கு ஓனர் வேஸ்ட்டுங்கறான்? முக்கா அடின்னு சொல்லு, ஒரு வாரத்துல அறுத்துத் தள்ளிடறேன். அதுபாட்டுக்குக் குழியில போய்க் கொட்டுறானுங்க.”

“முக்கா அடியா? எத்தன ஜாயின்ட் வரும் தெரியுமா அதுல? பஸ் ஸ்டாண்ட் கக்கூஸ்ல போடுற மாதிரி இருக்கும்.”

பாய் என்னைப் பார்த்தார். “உங்கப்பன் பேகம் கோட்டையிலருந்து வர்றாங்கன்னு நெனச்சுக்கினு இருக்கான் பாப்பா.”

அப்பாவும் சிரித்தார். ஆனால் விடவில்லை.

பாய் சொன்ன குழி என் பள்ளிக்கூட வழியில்தான் இருந்தது. முன்னால் யாரோ மண்ணெடுத்த பள்ளம். சாயங்காலம் டிராக்டர் வந்து பின்பக்கத்தைத் தூக்கும். தடதடவென்று கல் விழும். கறுப்பு, பச்சை, சிவப்பு ஓடிய சாம்பல், எல்லாம் ஒரு சாண், ஒன்றரைச் சாண் துண்டுகள். வெயில் சாய்கிறபோது அந்தக் குழி மீன் துள்ளுகிற ஏரிபோல மின்னும். நான் விளிம்பில் நின்று பார்ப்பேன். ஒன்பது வரும், ஆறு வரும். எங்கள் வீட்டுத் தரை எத்தனையோ தடவை அந்தக் குழிக்குள் போய் விழுந்துகொண்டிருந்தது. ஒன்பது கூடப் போகும்பா என்று வீட்டில் இன்னொரு தடவையும் சொன்னேன். “பெருசு இருக்கும்போது சின்னத எதுக்கு?” என்றார். டீச்சர் சொன்னதும் ஏறக்குறைய அதுதான்.

முழுக்கல் கிடைத்தபோதெல்லாம் அப்பா ஒவ்வொன்றாகச் சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டுவந்து, கலவை போட்டு, பின்சுவரிலிருந்து பதித்து வந்தார். சில வாரம் இரண்டு வரும், சில மாதம் ஒன்றும் வராது. கல் பதிந்த இடத்தில் என் கரிக்கோடு மறைந்தது. முதலில் அப்பாவின் கட்டம் கல்லுக்கடியில் போகத் தொடங்கியது. தட்டை எடுத்து மேலே வைத்தேன். வழவழவென்ற கல்லில் அது தானாக நகர்ந்தது.

*

மாதத்தில் ஒரு ஞாயிறு அப்பா என்னை ராயக்கோட்டைக்குக் கூட்டிப் போவார். பஸ்ஸை விட்டு இறங்கினால் கோட்டை மலை தெரியும், அதற்கு முன்பே அழுகின தக்காளியின் வாசனை வரும். மாமா வீடு மண்டிக்குப் பின்னால். அப்பா முக்கு டீக்கடையோடு நின்றுவிடுவார். “நீ போய்ப் பாத்துட்டு வா. நான் இங்கயே இருக்கேன். தரை போட்டுட்டு வர்றேன்னு சொல்லியிருக்குது. வெறுங்கையோட போயி நிக்க முடியாது.”

அம்மா தம்பியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒவ்வொரு முறையும் அவன் வேறு ஆளாக இருந்தான். ஒரு முறை கண்ணைச் சுழற்றினான். ஒரு முறை குப்புற விழுந்து, தலையைத் தூக்கி, என்னைப் பார்த்து எச்சில் விட்டான். அவன் தவழுவதை நான் மாமா வீட்டுச் சிமெண்ட் தரையில்தான் பார்த்தேன். முழங்காலில் தக்காளிச் சாறு.

“அப்பா எங்க?” என்பாள் அம்மா.

“டீக்கடையில.”

“ம்.” தம்பியை மடியில் நேராக்கிக்கொண்டு, “எதுனா சொல்லியுட்டாரா?”

“கல்லு வரணும்னாரு. அப்பா கட்டம் முடிஞ்சுதும்மா. இப்ப உன் கட்டத்துக்கு வந்துட்டோம்.”

“என்னா கட்டம்?”

நான் கரிக்கோட்டைப் பற்றிச் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டே தம்பியின் வாயைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள். “வேற ஒண்ணும் சொல்லலியா?” என்றாள்.

“வேற என்னாம்மா?”

“ஒண்ணுமில்ல. சாப்புடு.”

பஸ்ஸில் திரும்பும்போது அப்பா கேட்பார். “அம்மா என்ன சொல்லுச்சு?”

“தரை எவ்ளோ ஆச்சுன்னு கேட்டுச்சு.” அம்மா கேட்டது அதை இல்லை. ஆனால் அவள் கேட்டதை எப்படி எடுத்துச் சொல்வது என்று அந்த வயதில் எனக்குப் பிடிபடவில்லை. கேள்வியாகவே அது இருக்கவில்லை. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, இன்னும் எத்தனை கல் என்று உதட்டுக்குள் எண்ணுவார். இருவரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள் என்று இப்போது தோன்றுகிறது. நடுவில் நான் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன், எல்லா வரிசையிலும் எழுதிவிட்டு யாரும் கோடு போடாத அந்த ஒன்றைப்போல.

அடுத்து போனபோது தம்பி தக்காளிக் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கூடையை விட்டான். என் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தான். இன்னோர் அடி. நான் கையை நீட்டவில்லை, பயத்தில். மாமா கத்தினார், “பாருடி, நடக்கறான். அங்க தரை இன்னும் தவழ்ந்துக்கினு இருக்குது.” எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் எழுந்து உள்ளே போனாள்.

பஸ்ஸில் அப்பாவிடம் சொன்னேன். “தம்பி நடக்கறான்பா.”

அவர் அன்றைக்குக் காதைச் சுரண்டவில்லை. அத்திப்பள்ளிப் பக்கம் போகிற லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. அதில் முழுசான பலகைக்கற்கள் நிற்கவைத்துக் கட்டியிருந்தன. அது கண்ணுக்கு மறையும்வரை பார்த்தார்.

*

மறுபடி மழை தொடங்கியிருந்தது. அம்மாவின் கட்டம் முடிந்து, என் கட்டமும் முடிந்து, தம்பியின் கட்டத்துக்கும் கல் வந்துவிட்டது. கதவு மூலை மட்டும் பாக்கி. ஒரே ஒரு கல். அது லேசில் வரவில்லை. வந்த அன்று, தொழிற்பேட்டை வளைவில் மழைத் தண்ணீருக்கடியில் இருந்த பள்ளத்தில் சைக்கிள் இறங்கியது. அப்பா வாசலில் வந்து நின்றபோது ஒரு கையில் ஒரு பாதி, இன்னொரு கையில் இன்னொரு பாதி. உடைந்த விளிம்பு பச்சையாக, ஈரமாகப் பளபளத்தது. தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, இரண்டையும் பொருத்திப் பிடித்துப் பார்த்தார். நடுவில் கோடு.

உள்ளே வரவில்லை. அந்த ஒரு கல் இல்லாத மூலையை வெளியிலிருந்தே பார்த்துக்கொண்டு நின்றார். இனி அடுத்தது எப்போது என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. எனக்கு அழுகை வந்தது. கல்லுக்காக இல்லை.

“ஒம்பதும் போகும்பா,” என்றேன். “நாலு வச்சா சரியா இருக்கும். மிச்சம் வராது.”

அப்பா என்னைப் பார்த்தார். என் தலையைப் பார்த்தார் என்று சொல்ல வேண்டும். ஒரு பக்கப் பின்னல் அவிழ்ந்து தோளில் கிடந்தது. ரொம்ப நேரம் பார்த்தார்.

மறுநாள் மதியம் கோணிப்பையில் நாலு சின்னக் கல் வந்தது. குழியில் அவரே இறங்கிப் பொறுக்கியவை. பாய் ஓரம் மட்டும் நறுக்கிக் கொடுத்திருந்தார். பலகைக்கல்லின் விளிம்பிலிருந்து வந்ததால் பாலிஷ் இல்லாமல் சொரசொரவென்று இருந்தன, பசுவின் நாக்குபோல. பாலிஷ் போட அவர் நிற்கவில்லை. பதித்தார். நடுவில் கூட்டல் குறிபோல ஜாயின்ட். கையைக் கழுவிக்கொண்டு, சட்டையை மாற்றி, பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினார்.

கலவை காய்ந்துகொண்டிருக்க, நான் தரை முழுவதையும் துடைத்தேன். துடைக்கத் துடைக்க அதில் நான் தெரிந்தேன்.

*

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தார்கள். மாமா வரவில்லை. டியூப் லைட் தரைக்குள் ஒன்று, மேலே ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அப்பா முதலில் உள்ளே வந்து, சுவரோடு ஒட்டி நின்றுகொண்டார், வழி விடுகிறவர்போல. அவர் முகத்தைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது. அம்மா கதவு மூலையை ஒரே எட்டாகத் தாண்டி உள்ளே வந்து, தம்பியைக் கீழே இறக்கினாள்.

அவன் இரண்டடி நடந்தான். மூன்றாவது அடியில் கால் வழுக்கி, பொத்தென்று உட்கார்ந்து, வீறிட்டான்.

அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு, கல்லில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். “என்னாங்க இது, ஐஸ் கட்டியாட்டம் இருக்குது. புள்ளைக்குச் சளி புடிச்சுக்குமே.”

அப்பாவும் குனிந்து கல்லைத் தொட்டுப் பார்த்தார். அம்மா அதற்குள் பரணிலிருந்த கோணிகளை இழுத்தாள். பாய் விரித்தாள். கட்டிலில் இருந்த ஜமுக்காளம், நான் மடித்து வைத்திருந்த அவளுடைய பழைய சேலை, அப்பாவின் கம்பளி. ஊருக்கே இல்லாத ஒன்றரை அடிக் கற்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. கடைசியில் கதவு மூலை மட்டும் மூடாமல் நின்றது. தம்பி அழுகையை நிறுத்தி, கோணிகளைத் தாண்டிப் போய், அந்தச் சொரசொரப்பில் காலை ஊன்றி நின்றான். வழுக்கவில்லை.

“இதுக்கா இத்தன மாசம்?” என்றாள் அம்மா. குரல் உயரவில்லை.

“உங்கண்ணன்தான தரையப் போட்டுட்டுச் சொல்லுன்னாரு.”

“அண்ணன் சொன்னாரு. நான் சொன்னனா?”

அப்பா சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டார்.

“டீக்கட வரைக்கும் வந்தீங்க. தெனம் தூங்கறப்ப அந்த ஞாயித்துக்கெழமையத்தான் நெனச்சுக்கினு கெடந்தேன். ஊட்டுக்குள்ள வந்து, கெளம்புடின்னு ஒரு வார்த்த. இந்தச் சரளை மேலயே படுத்துக் கெடந்திருப்பேன்.”

மழை ஷீட்டில் விழுந்துகொண்டிருந்தது. அப்பா குனிந்து, நகர்ந்திருந்த ஒரு கோணியின் ஓரத்தை இழுத்துச் சரி செய்தார். அப்புறம் இன்னொன்றின் ஓரத்தை. தன் கல்லைத் தானே மூடிக்கொண்டிருந்தார்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. “ஊட்டா ஆய்த்தா?”

“இல்ல, இனிமேதான்,” என்று அம்மா தமிழிலேயே பதில் சொன்னாள்.

பிறகு என்னைப் பார்த்தாள். முதல் தடவையாக, தலையிலிருந்து கால்வரை. “யாரு வாரி உட்டது இதை?”

“நானேதான்.”

சீப்பை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு வந்து உட்கார்ந்தாள், அந்த நாலு சின்னக் கல்லின் மேல். யாருக்கும் கொடுக்காமல் நான் வைத்திருந்த கட்டம் அது. தம்பியை ஒரு பக்கம் நகர்த்தி, என்னை முன்னால் இழுத்துக்கொண்டாள். ஒன்றரை அடியில் மூன்று பேருக்கு எங்கே இடம்; என் கால் மழையில் நீட்டிக்கொண்டிருந்தது. மடக்கவில்லை. சீப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, விரலால் சிக்கைப் பிரித்தாள். மூன்றாகப் பிரித்து, முதல் பின்னலைத் தொடங்கினாள்.

“இறுக்கமாப் போடட்டா?” என்றாள். “ரெண்டு நாளைக்குத் தாங்கும்.”

“வேணாம்மா,” என்றேன். “லூசாவே போடு.”